கல்லை நட்டது யார்?

டூம் ஆட்டத்தில் டேப் விசையை அழுத்தினால் துப்பாக்கியும் பூதங்களும் மறைந்து, கறுப்புத் திரையில் ஒரு கோட்டுப்படம் வரும். சிவப்புக் கோடு என்றால் கெட்டிச் சுவர். பழுப்பு என்றால் அங்கே தரை ஏறுகிறது, அல்லது இறங்குகிறது. மஞ்சள் என்றால் மேற்கூரையின் உயரம் மாறுகிறது. நடுவில் வெள்ளை அம்பாக ஆட்டக்காரர். 1997 வாக்கில் பாளையங்கோட்டையில் ஒரு கணினி மையத்தில் ஆட்டோகேட் படித்துக்கொண்டிருந்த எனக்கு அதைப் பார்த்ததும் வகுப்பு இன்னும் முடியவில்லையோ என்று தோன்றியது. அதே கறுப்புத் திரை, அதே சிவப்பு, அதே மஞ்சள். கூட இருந்த பையன்கள் பூதத்தைச் சுட்டார்கள். நான் படத்தைப் பார்த்தேன். அதன் பிறகு உரிமம் வாங்கி, நிலம் அளந்தே பிழைப்பு நடந்தது. அந்தப் பழக்கம் மட்டும் போகவில்லை. எந்த ஷூட்டர் ஆட்டத்தைத் திறந்தாலும் என் கண் முதலில் தேடுவது எதிரியை அல்ல, வழி சொல்லும் குறியை.

எங்கள் தொழிலில் வயலில் இறங்கியதும் கேட்கிற முதல் கேள்வி: இந்தக் கல்லை நட்டது யார்? சர்க்கார் நட்டதா, விற்றவர் நட்டதா, பக்கத்து வயல்காரர் ராத்திரியோடு ராத்திரியாக நகர்த்தி வைத்ததா? அது தெரியாமல் சங்கிலியை விரித்துப் பயனில்லை. ஷூட்டர் ஆட்டங்களின் 40 ஆண்டுகளுக்கு மேலான சரித்திரத்தையும் அந்தக் கேள்வியோடு நடந்து பார்க்கலாம் என்று நினைக்கிறேன்.

காட்சியின் மேலேயே குறி எழுதும் வழக்கம் ஆட்டங்களில் பிறந்ததல்ல. 1900இல் அயர்லாந்துக்காரர் ஹோவர்ட் கிரப் துப்பாக்கிக்கு ஒரு குறிநோக்கி செய்தார். அதன் கண்ணாடியில் பிரதிபலிக்கும் குறி, தொலைவில் இலக்கின் மேலேயே நிற்பதுபோலத் தெரியும். போர் விமானங்கள் அதை எடுத்துக்கொண்டன. 1958இல் முதலில் பறந்த பிரிட்டிஷ் பக்கனீர் விமானத்தில், விமானி குனிந்து முள்களைப் பார்க்க வேண்டாதபடி விவரங்கள் கண்ணெதிர்க் கண்ணாடிக்கு ஏறின.

ஆட்டத்துக்கு அது வந்து சேர்ந்ததற்கு நல்ல சாட்சி, அட்டாரி நிறுவனத்துக்காக எட் ராட்பர்க் 1980இல் செய்த பேட்டில்சோன். டாங்கியின் பெரிஸ்கோப் மாதிரி ஒரு திறப்பு. கண்ணை வைத்துப் பார்த்தால் பச்சைக் கோடுகளால் ஆன சமவெளி, மலைகள், குமுறும் எரிமலை. திரையின் மேற்பகுதியில் ஒரு வட்ட ரேடார் சுழலும். எதிரி அதில் ஒரு புள்ளி. இடப்பக்கம் எதிரி, பின்னால் எதிரி என்று எழுத்திலும் எச்சரிக்கை வரும். அமெரிக்க ராணுவமே பிராட்லி கவச வண்டிப் பயிற்சிக்கு இதில் ஒரு மாற்று வடிவம் கேட்டது என்றால் குறிகளின் பூர்வீகம் எங்கே என்று தனியாகச் சொல்ல வேண்டாம். அந்த ரேடார் டாங்கிக்குள் இருக்கும் கருவி. எதிரி எங்கே என்று சொல்லுமே தவிர, நீ எங்கே போ என்று சொல்லாது. போவதற்கும் அங்கே இடமில்லை. எரிமலைவரை ஓட்டிப்போய் உள்ளே இறங்கலாம் என்று அந்தக் காலத்துப் பையன்கள் கதைகட்டினார்கள். எவ்வளவு ஓட்டினாலும் மலை கிட்டே வராது.

போகவேண்டிய இடம் என்று ஒன்று வந்தபோதுதான் சிக்கல் ஆரம்பம். இட் சாஃப்ட்வேர் 1992இல் வெளியிட்ட வுல்ஃபென்ஸ்டைன் 3டியில் ஒவ்வொரு தளமும் 64க்கு 64 கட்டங்கள் கொண்ட சதுரம். எங்கே திரும்பினாலும் ஒரே மாதிரிச் சுவர், ஒரே மாதிரிக் கதவு. வரைபடம் கிடையாது. தொலைந்துபோனவர்கள் தாங்களே கட்டத்தாளில் வரைந்துகொண்டார்கள். அடுத்த ஆண்டு, 1993 டிசம்பர் 10 அன்று, டூம் அந்த வரையும் வேலையைத் தானே எடுத்துக்கொண்டது.

டூம் படத்தின் அழகு இதுதான்: நீங்கள் கண்ணால் கண்ட சுவரை மட்டும் அது வரையும். காணாதது படத்தில் இருக்காது. மொத்தப் படத்தையும் காட்டும் ஒரு பொருள் சில இடங்களில் கிடைக்கும்; அதை எடுத்தால்கூட, காணாத கோடுகள் சாம்பல் நிறத்தில்தான் விழும். அளந்தது வேறு, கேள்விப்பட்டது வேறு என்ற நேர்மை அதில் இருந்தது. அறைகளைச் சுற்றிவந்த பிறகு படத்தின் நடுவே காரணமில்லாமல் ஒரு வெற்றிடம் கிடந்தால், அங்கே ரகசிய அறை ஒளிந்திருக்கலாம் என்று ஊகிக்கலாம். எத்தனையோ பேர் அப்படிச் சுவரைத் தட்டிக் கண்டுபிடித்திருக்கிறார்கள். இங்கே கல்லை நட்டவர் ஆட்டக்காரரே. அவர் நடந்த நடைதான் படம்.

இது சாத்தியமானதற்கு ஒரு தொழில்நுட்பக் காரணம் உண்டு. டூமின் உலகில் ஓர் அறைக்கு மேல் இன்னோர் அறை வர முடியாது. தரை உயரலாம், தாழலாம், மாடி கிடையாது. எங்கள் எஃப்.எம்.பி. என்ற புல அளவைப் படத்தில் கிணறும் மேடும் தட்டையாகக் கிடப்பதுபோல அந்த உலகமும் ஒரு தாளில் அடங்கும். 1996 ஜூனில் அதே நிறுவனம் குவேக்கை வெளியிட்டபோது அறைக்கு மேல் அறை, பாலத்துக்கு அடியில் பாலம் என்று உண்மையான முப்பரிமாணம் வந்துவிட்டது. தாளில் போட்டால் கோட்டின் மேல் கோடு விழும். வரைபடத்தையே விட்டுவிட்டார்கள்.

அந்த நேரத்தில் இன்னொரு நிறுவனம் வேறு பக்கம் முட்டிக்கொண்டிருந்தது. பாரலாக்ஸ் சாஃப்ட்வேரின் டிசென்ட் (1995) சுரங்கங்களுக்குள் பறக்கும் ஆட்டம். மேல், கீழ் என்பதே கிடையாது. தலைகீழாகப் பறந்தால் அதுதான் நேர். முப்பரிமாணக் கம்பிக்கூடாக ஒரு வரைபடம் கொடுத்தார்கள், சுழற்றிச் சுழற்றிப் பார்க்கலாம். பார்த்துவிட்டு ஆட்டத்துக்குத் திரும்பினால் எந்தப் பக்கம் திரும்புவது என்று பழையபடி குழப்பம்தான். மறு ஆண்டு டிசென்ட் 2இல் ஒரு தீர்வு வந்தது: கைட்-பாட். ஒரு சிறு அறையில் அடைபட்டிருக்கும் இந்த இயந்திரத்தைக் கதவை உடைத்து விடுவிக்க வேண்டும். சாவி வேண்டுமா, வெளியேறும் வழி வேண்டுமா என்று கேட்டால் முன்னால் பறக்கும்; நீங்கள் வரவில்லை என்றால் நின்று, திரும்பி வந்து பார்க்கும். அதே ஆட்டத்தில் ஆயுதத்தைத் திருடிக்கொண்டு ஓடும் இன்னோர் இயந்திரமும் உண்டு என்பதால் இது நம்பகமான துணையாகவே தெரிந்தது. என் பார்வையில் ஷூட்டர் ஆட்டத்தில் 'எங்கே இருக்கிறாய்' என்பதிலிருந்து 'எங்கே போகவேண்டும்' என்பதற்கு நகர்ந்த திருப்பங்களில் மிகத் தெளிவானது இது. நகர்ந்தது சந்தோஷமாகத்தான், ஒருவரும் புகார் சொல்லவில்லை.

1998இல் ஹாஃப்-லைஃப் எதிர்த்திசையில் போனது. அம்பு கிடையாது, வரைபடம் கிடையாது. எரியும் விளக்கு, உடைந்த குழாய், ஓடும் காவலாளி, தூரத்துச் சத்தம் இவைதான் வழி சொன்னன. அது தானாக அமைந்ததல்ல. வால்வ் நிறுவனம் வெளியாட்களைக் கூட்டிவந்து ஆடவைத்தது. தளத்தை அமைத்தவர்கள் பின்னால் வாயைத் திறக்காமல் உட்கார்ந்து குறிப்பெடுத்தார்கள். இப்படி 200க்கு மேற்பட்ட அமர்வுகள். ஆள் திணறும் இடத்திலெல்லாம் விளக்கை மாற்றினார்கள், சுவரை நகர்த்தினார்கள். கல் நட்டிருக்கிறது, ஆனால் நட்டதே தெரியவில்லை. இதுதான் உயர்ந்த கலை என்று பலரும் இன்றுவரை சொல்கிறார்கள். நானும் பாதி ஒப்புக்கொள்வேன். மீதிப் பாதிக்கு, அந்தச் செலவையும் பொறுமையையும் எல்லா நிறுவனத்திடமும் எதிர்பார்க்க முடியாது.

2001 நவம்பரில் வந்த ஹேலோதான் இன்று நாம் பார்க்கும் குறியைப் பரவலாக்கியது. அதைச் செய்த பன்ஜி நிறுவனம் 1994லேயே மாரத்தான் என்ற ஆட்டத்தில் திரையின் கீழே ஓர் அசைவு காட்டும் கருவியை வைத்திருந்தது. ஹேலோவிலும் அது தொடர்ந்தது. கூடவே புதிதாக ஒன்று: காட்சிக்குள்ளேயே, தொலைவில் போகவேண்டிய இடத்துக்கு நேர் மேலே மிதக்கும் ஒரு குறி, பக்கத்தில் எத்தனை மீட்டர் என்ற எண். இரண்டாம் தளத்தில் பரந்த புல்வெளியில் சிதறிக் கிடக்கும் சக வீரர்களைத் தேடிப்போக அந்தக் குறி இல்லாவிட்டால் வண்டியை ஓட்டிக்கொண்டே இருக்கவேண்டியதுதான். மூடிய இடங்களில் வேறு பிரச்சினை. லைப்ரரி என்ற தளத்தில் கூடத்துக்குக் கூடம் ஒரே அச்சு. தரையிலேயே அம்புகளைப் பதித்து வைத்தார்கள். அப்படியும் அந்தத் தளத்தைத் திட்டாதவர் கிடையாது.

ஹேலோ 3 (2007) சமயத்தில் மைக்ரோசாஃப்டின் ஆய்வுக்கூடம் செய்த காரியம்தான் என்னை மிகவும் ஈர்த்தது. 600க்கு மேற்பட்டவர்கள், மொத்தம் 3,000 மணி நேரத்துக்கு மேல் ஆடியதைப் பதிவு செய்தார்கள். ஒவ்வொருவரும் எந்த நேரத்தில் எங்கே நின்றார் என்பதைத் தளத்தின் படத்தில் புள்ளியாக வைத்தார்கள். நேரத்துக்கு ஒரு நிறம். எல்லாரும் சீராக முன்னேறினால் ஒரே நிறப் புள்ளிகள் கூட்டம் கூட்டமாக விழும். காட்டுத் தளம் ஒன்றில் நிறங்கள் எல்லா இடத்திலும் கலந்து கிடந்தன. ஆட்கள் முன்னும் பின்னும் அலைந்திருக்கிறார்கள். தொலைந்துபோவதை இப்படி அளந்து படம் போட்டதைப் படித்தபோது ஒரு சர்வேயனாக எழுந்து கும்பிடத் தோன்றியது. அவர்கள் செய்த திருத்தம் இன்னும் சுவாரசியம். அங்கே அவர்கள் நம்பியது அம்பை அல்ல, நிலத்தை. ஓரிடத்தில் மேட்டிலிருந்து கீழே குதித்தால் திரும்ப ஏற முடியாதபடி தரையின் அமைப்பை மாற்றினார்கள். பின்னால் போக வழியில்லை என்றால் முன்னால்தானே போவார்கள்!

ஆனால் எல்லாருக்கும் மலிவான வழி அம்புதான். 2003இல் வந்த முதல் கால் ஆஃப் டியூட்டியில் மூலையில் ஒரு திசைகாட்டி, அதில் இலக்குக்கு ஒரு நட்சத்திரம். அது அடக்கமாகத்தான் இருந்தது. பின்னால் வந்த பாகங்களில் முன்னே ஓடும் கூட்டாளியின் தலைக்கு மேலேயே 'பின்தொடர்' என்று எழுதினார்கள். இதற்கு ஆட்டக்காரர்களின் சோம்பல் காரணம் என்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. படம் வளர்ந்துவிட்டதுதான் காரணம். டூமில் கதவு மாதிரித் தெரிந்தால் அது கதவு. 2007 வாக்கில் ஒரு தெருவில் 20 கதவு இருக்கும். 19 வெறும் சித்திரம். கவிழ்ந்த கார், செங்கல் குவியல், பறக்கும் காகிதம் எல்லாம் நிஜம்போல இருக்கும், எதுவும் வேலைக்கு ஆகாது. உலகம் நிஜமாக ஆக ஆக, எது நிஜமாகவே திறக்கும் என்று சொல்ல ஒரு பொய்க்குறி தேவைப்பட்டது. பயோஷாக் (2007) மேலே ஒரு தங்க அம்பை வைத்துவிட்டு, வேண்டாதவர்கள் அணைத்துக்கொள்ளவும் இடம் கொடுத்தது.

2008 ஒரு செழிப்பான ஆண்டு. குறியைத் திரையிலிருந்து இறக்கி உலகத்துக்குள் வைக்க வேண்டும் என்று ஒரே சமயத்தில் பலர் முயன்றார்கள். டெட் ஸ்பேஸில் நாயகனின் உயிர்ப்பலம் அவன் முதுகெலும்பை ஒட்டி ஒளிரும் கோடாக உடையிலேயே இருந்தது. ஒரு பொத்தானை அழுத்தினால் தரையில் நீல ஒளிக்கோடு ஓடி, போகும் வழியைக் காட்டி மறையும். கேட்டால் மட்டும் சொல்லும். கேட்காதவரை இருட்டு இருட்டாகவே இருக்கும். பயமுறுத்தும் ஆட்டத்துக்கு இதைவிடப் பொருத்தமான முறையை நான் பார்த்ததில்லை.

அதே ஆண்டு அக்டோபரில், கிளின்ட் ஹாக்கிங் தலைமையில் யூபிசாஃப்ட் மான்ட்ரியால் செய்த ஃபார் க்ரை 2 வெளிவந்தது. பெயரில்லாத ஓர் ஆப்பிரிக்க நாடு, சுமார் 50 சதுர கிலோமீட்டர் நிலம். மிதக்கும் அம்பு ஒன்றுகூடக் கிடையாது. வரைபடம் பார்க்க வேண்டுமானால் நாயகன் துப்பாக்கியைக் கீழே போட்டுவிட்டு ஒரு கையில் காகித வரைபடத்தையும் இன்னொரு கையில் ஜி.பி.எஸ். கருவியையும் எடுப்பான். ஆட்டம் நிற்காது. வண்டி ஓட்டிக்கொண்டே படத்தைப் பார்த்தால் மரத்தில் மோதலாம், பார்க்கிற நேரத்தில் சுடுபடலாம். களத்தில் படத்தை விரித்து நின்றவர்களுக்குத் தெரியும், காற்றும் வெயிலும் நாயும் உங்களுக்காகக் காத்திருக்காது. அந்த நாட்டுச் சாலைச் சந்திகளில் வழிகாட்டிப் பலகைகள் நிற்கும். நீங்கள் போகவேண்டிய பக்கத்துப் பலகை மட்டும் சிவப்பாக மாறும். இது ஏமாற்றுதான். எந்த நெடுஞ்சாலைத் துறையும் ஒருவனுக்காகப் பலகைக்குப் பெயின்ட் அடிக்காது. ஆனாலும் கண் சாலையில் இருந்தது, திரையின் மூலையில் அல்ல. பலர் இந்த ஆட்டத்தைச் சலிப்பு என்று தள்ளினார்கள். நான் அந்தச் சண்டையில் என் பக்கத்தை எப்போதோ எடுத்துவிட்டேன்.

2023இல் புதிதாக எடுக்கப்பட்ட ரெசிடென்ட் ஈவில் 4இல் ஏணிகளிலும் உடைக்கக்கூடிய பீப்பாய்களிலும் மஞ்சள் பெயின்ட் பூசியிருந்தது. அந்தப் பேய் கிராமத்தில் வாளியும் பிரஷ்ஷுமாகச் சுற்றியது யார் என்று ஆட்டக்காரர்கள் கேலி செய்தார்கள். என் தொழிலின் முதல் கேள்வியை அவர்களே கேட்டதில் எனக்குத் தனிச் சந்தோஷம். கேலி செய்தவர்களிடம் ஒன்றையும் சொல்ல வேண்டும். 2020இல் வந்த தி லாஸ்ட் ஆஃப் அஸ் இரண்டாம் பாகத்தில் ஒரு பொத்தானை அழுத்தினால் போகவேண்டிய திசைக்குப் பார்வையே திரும்பும்; ஒலிக்குறிகளும் உண்டு. 60க்கு மேற்பட்ட இப்படிப்பட்ட வசதிகளோடு, பார்வையற்றவர்களும் அந்த ஆட்டத்தை முடித்தார்கள். அம்பே வேண்டாம் என்று மார்தட்டுவதற்கு முன் இது நினைவில் இருக்கட்டும். குவேக் 2 ஆட்டம் 1997இல் வழிகாட்டும் குறி இல்லாமல் வந்தது; 2023இல் மெருகேற்றி வெளியிட்டபோது ஒரு திசைகாட்டியைச் சேர்த்து, அழுத்தினால் அடுத்த இலக்குக்கு வழி காட்டும்படி செய்தார்கள். வேண்டாதவர் அழுத்தவில்லை, அவ்வளவுதான்.

இதுவரை சொன்னதெல்லாம் தனியாக ஆடுபவருக்கும் ஆட்டத்தைச் செய்தவருக்கும் இடையிலான விவகாரம். சேர்ந்து ஆடும்போது கதை வேறு. நம் ஊர் பிரவுசிங் சென்டர்களில் கவுன்டர்-ஸ்ட்ரைக் ஆடியவர்களுக்கு டஸ்ட் 2 தளத்தைத் தெரியாமல் இருக்காது. டேவ் ஜான்ஸ்டன் 2001இல் அமைத்தது. அங்கே சுவர்களில் 'ஏ', 'பி' என்ற எழுத்தும் அம்பும் பெயின்டால் போட்டிருக்கும், குண்டு வைக்கும் இடங்களுக்கு. முதல் முறை ஆடுபவருக்கு மட்டும்தான் அது தேவை. பிறகு யாரும் அதைப் பார்ப்பதில்லை. 'பி-க்கு வாங்கடே' என்று கத்தினால் போதும், கால்கள் தானே போகும். அப்போது குறி வாயில்தான் இருந்தது.

வாயில் இருந்ததைத் திரைக்குக் கொண்டுவந்தது, 2019 பிப்ரவரியில் ரெஸ்பான் நிறுவனம் வெளியிட்ட ஏபெக்ஸ் லெஜண்ட்ஸ். ஓர் இடத்தைக் குறிபார்த்து ஒரு பொத்தானை அழுத்தினால் கூட்டாளிகள் திரையில் அங்கே ஒரு குறி விழும். எதைக் குறிபார்த்தீர்கள் என்பதை ஆட்டமே புரிந்துகொண்டு, 'இங்கே கவசம் கிடக்கிறது', 'அங்கே எதிரி' என்று உங்கள் பாத்திரத்தின் குரலில் சொல்லும். மொழி தெரியாத, மைக் இல்லாத, பேசக் கூச்சப்படும் அந்நியர் மூவர் ஒரு வார்த்தை பேசாமல் சேர்ந்து ஆடலாம். 2021 ஆகஸ்டில் இதன் காப்புரிமையை மற்றவர்களும் கட்டணமில்லாமல் பயன்படுத்தலாம் என்று எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் அறிவித்தது. அதற்கு முன்பே பலர் தங்கள் வழியில் இதேபோன்ற ஒன்றைச் செய்திருந்தார்கள் என்பது வேறு. எனக்கு முக்கியமாகப்படுவது, கல் நடும் உரிமை மறுபடி ஆட்டக்காரர் கைக்கு வந்ததுதான். டூமில் தனக்காக நட்டார். இங்கே பக்கத்தில் ஓடுபவருக்காக நடுகிறார்.

பப்ஜி (2017) அதற்கு முன்பே திரையின் மேல் விளிம்பில் ஒரு டிகிரிப் பட்டையை வைத்திருந்தது. வடக்கிலிருந்து வலமாக 360 வரை. எங்கள் தியோடலைட் சொல்லும் அதே திசைக்கோணம். 2020 செப்டம்பர் 2 அன்று பப்ஜி மொபைல் இந்தியாவில் தடைசெய்யப்பட்டு, 2021 ஜூலையில் பி.ஜி.எம்.ஐ. என்ற பெயரில் திரும்பி வந்தது. பட்டை அப்படியே இருந்தது. என் மகள் கல்லூரித் தோழிகளோடு ஆடும்போது கூடத்திலிருந்து எண்கள் கேட்கும். '165-ல ரெண்டு பேரு, பாறைக்குப் பின்னாடி!' என் உதவியாளர்களுக்குச் சொல்லிச் சொல்லித் தலைக்கு ஏறாததை இந்தப் பெண்கள் யாரும் சொல்லிக்கொடுக்காமலே கற்றிருந்தார்கள்.

ஒரு திசைக்கோணம் ஒரு கோடுதான், ஒரு புள்ளி அல்ல. நீ நிற்கும் இடத்தில் 165 என்றால், 100 மீட்டர் தள்ளி நிற்பவளுக்கு அதே ஆள் 140இல் இருப்பான். புள்ளி வேண்டுமானால் இரண்டு இடத்திலிருந்து இரண்டு கோடு போட்டு, வெட்டும் இடத்தைப் பார்க்க வேண்டும். இதை ஒருநாள் அவளுக்கு விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, 'அதுக்குத்தாம்ப்பா மார்க் போடறது' என்று தட்டிக் காட்டினாள். குறி விழுந்தது, பக்கத்தில் மீட்டர் எண்ணோடு. கோணமும் தூரமும் சேர்ந்தால் புள்ளி கிடைத்துவிடும். மறுத்துப் பேச இடமில்லை.

அன்றைக்கே என்னையும் ஓர் ஆட்டத்தில் சேர்த்துக்கொண்டாள்.

'அப்பா, 165. மரத்துக்குப் பின்னாடி ஒருத்தன்.'

'எந்த வடக்குலேர்ந்து 165? காந்த வடக்கா, நிஜ வடக்கா?'

'அப்பா, சுடுங்கப்பா!'